குதிகால் வலியோடு மும்பை மாரத்தான்: ஓடலாமா, கூடாதா?

வாசகர் கேள்வி, 5 நவம்பர் 2023

மூன்று மாதமாகக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் கால் ஊன்றினால் ஆணி குத்துகிற மாதிரி இருக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் விட்டுவிடுகிறது. ஜனவரியில் மும்பை முழு மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். "ஓட ஓடச் சரியாயிடும்" என்கிறார் குழுவில் ஒருவர். "ஓட்டத்தை மறந்துடுங்க" என்கிறார் டாக்டர். இந்த வலியோடு 42 கிலோமீட்டர் ஓடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

5 நவம்பர் 2023, இரவு

கேள்வி கேட்டவருக்கு: எனக்கும் அதே வலி, அதே மும்பை, அதே ஜனவரி 21. வலது குதிகால். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 26 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பால் பாக்கெட் எடுக்க எழுந்தபோதுதான் முதல் குத்து. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மூன்றே வாரத்தில் வார ஓட்டத்தை 35 கிலோமீட்டரிலிருந்து 55-க்கு ஏற்றினேன். ஷூவும் 900 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

வயது 43, வீடு வேளச்சேரி, இதற்கு முன் இரண்டு முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். டாக்டர் என்னிடமும் அதையேதான் சொன்னார். இருந்தாலும் ஓடுவதாக இருக்கிறேன். "வலியைப் பார்க்காதே, ஓடு" என்கிற கட்சியில் நான் இல்லை. எந்த வலி இருந்தால் ஓடலாம், எது வந்தால் நிற்க வேண்டும் என்பதை இந்தப் பதினோரு வாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிவதை இங்கேயே எழுதிக்கொண்டு வருகிறேன்.

ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். என் கட்டிலிலிருந்து அடுப்படி மேடை வரை 19 காலடி. காலையில் எத்தனையாவது அடியில் நொண்டல் நிற்கிறது என்று எண்ணி, மாதக் காலண்டர் கட்டத்தில் எழுதுகிறேன். இன்றைக்கு 19-ம் போதவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, பால் பொங்கி இறக்கிய பிறகுதான் கால் விட்டது.

6 நவம்பர் 2023

தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உள்ளங்காலில் உருட்டச் சொன்ன தம்பிக்கு நன்றி. நேற்று ராத்திரி செய்தேன், இதமாக இருந்தது. வீக்கம் குறையும் போல.

9 நவம்பர் 2023

மேலே "வீக்கம் குறையும்" என்று எழுதினேன். அது தவறு. பிசியோதெரபிஸ்டிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன்.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து கால்விரல்கள் வரை ஒரு தடித்த பட்டை போகிறது. பாதத்தின் வளைவை வில்லுக்கு நாண் மாதிரி இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். பிளாண்டர் ஃபேஷியா என்பார்கள். அது எலும்போடு ஒட்டும் இடத்தில்தான் நமக்கு வலி. நோயின் பெயர் பிளாண்டர் ஃபேஷியைட்டிஸ். அழற்சியைக் குறிக்கும் 'ஐட்டிஸ்' அதில் இருப்பதால் எல்லோரும் அழற்சி, வீக்கம் என்று நினைக்கிறோம். நாள்பட்ட வலியில் அந்தத் திசுவை எடுத்துப் பார்த்தவர்கள் அதில் அழற்சியைவிட நைந்துபோன நார்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறார்கள். பழைய கயிறு பிரிபிரியாய் ஆகிறதே, அப்படி. ஐஸ் வலியைக் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், கயிற்றைத் திரும்ப முறுக்கித் தராது. இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியம் என்று நம்பி உட்கார வேண்டாம்.

எக்ஸ்ரேயில் "எலும்பு முள் வளர்ந்திருக்கு" என்று சொல்லிப் பயமுறுத்தியதாக ஒருவர் எழுதியிருந்தார். வலியே இல்லாத எத்தனையோ பேர் குதிகாலிலும் அந்த முள் இருக்கும். அது குத்தித்தான் வலிக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள். குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவது போல நன்றாக அழுத்துங்கள். அப்போது உயிர் போகிற வலி வந்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது எலும்பு விரிசலாக இருக்கலாம். அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓடக்கூடாது, நேராக டாக்டரிடம் போங்கள். எனக்கு அழுத்தினால் வலி இல்லை. அடியில், சற்று உள்பக்கமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும்தான்.

12 நவம்பர் 2023, தீபாவளி

அம்மா வந்திருக்கிறார். நான் நொண்டுவதைப் பார்த்ததும் எண்ணெய்க் குளியலுக்கு முன்னாலேயே மொட்டைமாடியில் கிடந்த செங்கல்லை எடுத்துவரச் சொன்னார். அடுப்பில் காட்டிச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையை வைத்து, "மிதி" என்றார். இலை 'சுர்ர்' என்று சுருங்கி, பச்சை வாசனையோடு ஆவி வந்தது. சூடு பொறுக்க முடியாமல் காலை எடுக்க, அம்மா முழங்காலைப் பிடித்து அழுத்த, மறுபடி எடுக்க, இப்படிப் பத்து நிமிடம். அம்மாவுக்கு அவருடைய மாமியார் செய்துவிட்டதாம்.

இன்றைய எண் 11. சூடு பட்டால் பட்டையும் கெண்டைக்கால் சதையும் தளர்ந்து கொடுக்கும் என்பது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. செய்கிறவர்கள் எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கண்ணுக்கு மிகக் கெடுதல். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். சுடுவது தெரியாமலே வெந்துவிடும்.

16 நவம்பர் 2023

உடற்பயிற்சி என்ன செய்கிறீர்கள் என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒன்றே ஒன்றுதான். டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஆய்விலிருந்து பிசியோ எடுத்துக் கொடுத்தார்.

மாடிப்படி விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். துண்டைச் சுருட்டிக் கால்விரல்களுக்கு அடியில் வைத்துக்கொண்டால் விரல்கள் மேல்நோக்கி மடங்கி, பட்டை விறைப்பாக நிற்கும். மூன்று எண்ணிக்கையில் குதிகாலைத் தூக்கி, மேலே இரண்டு எண்ணிக்கை நின்று, மூன்று எண்ணிக்கையில் இறக்க வேண்டும். 12 முறைக்கு மேல் முடியாது என்கிற அளவுக்குப் பாரம் வைத்து மூன்று சுற்று. வாரங்கள் போகப்போகப் பாரத்தைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்து, சுற்றுகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான், தினமும் கிடையாது. ஆய்வில் முதுகுப்பையில் புத்தகம் வைத்தார்களாம், நான் ஐந்து கிலோ அரிசிப் பை வைக்கிறேன்.

அந்த ஆய்வில் மூன்றாம் மாத முடிவில் இப்படிச் செய்தவர்கள், காலை நீட்டி இழுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டது. எனக்கு மூன்று மாதம் பிப்ரவரி நடுவில்தான் முடிகிறது. மும்பை ஜனவரி 21. கால் முழுசாகத் தேறுவதற்கு முன்பே பந்தயம் வந்துவிடும், இப்போதே தெரிகிறது.

20 நவம்பர் 2023

"ஷூதான் எல்லா வியாதிக்கும் காரணம், அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடவில்லையா" என்று ஒரு சார் எழுதியிருந்தார். ஓடினார், எத்தியோப்பியாவின் அந்த மாரத்தான் வீரர். 1960 ரோம் ஒலிம்பிக், 2 மணி 15 நிமிடம் 16 விநாடி, தங்கம். ஆனால் அவர் வெறுங்காலிலேயே பழகிய மனிதர். ஏசி அலுவலகத்தில் டைல்ஸ் தரையில் குளிருகிறது என்று செருப்புப் போட்டுப் பழகிய நான், திடீரென்று ஷூவைக் கழற்றிவிட்டுப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓடினால் பட்டைக்குத்தான் அடி. இப்போதைக்கு வீட்டுக்குள்ளேயே மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்கிறேன். அதுவே நல்ல வித்தியாசம் தருகிறது.

அதே பிகிலா 1964 டோக்கியோவில் குடல்வால் அறுவை நடந்து சில வாரத்திலேயே ஓடி, அப்போதைய உலகின் சிறந்த நேரமான 2:12:12-இல் ஜெயித்தார், அன்று ஷூ போட்டுக்கொண்டு. உடம்பில் தையல் ஆறிய கையோடு ஒரு மனிதரால் அது முடிந்ததென்றால், ஒரு ரூபாய் அளவு வலிக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? நேற்று முழுக்க இந்த நினைப்புதான்.

21 நவம்பர் 2023, அதிகாலை

நேற்று எழுதியதில் பாதியை விட்டுவிட்டேன். 1968 மெக்சிகோ நகரத்தையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். அங்கே காலெலும்பு விரிசலோடு தொடங்கிய பிகிலா, சுமார் 17 கிலோமீட்டரில் நின்றுவிட்டார். தங்கம் அவருடைய நாட்டுக்காரர் மாமோ வோல்டேவுக்கு. அன்றைக்கு அதே சாலையில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரியும் ஓடினார். விழுந்து முழங்கால் கெட்டு, கட்டோடு நொண்டி நொண்டி 3:25:27-இல் 57-ஆவதாக, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார்.

அக்வாரியின் படத்தை எல்லோரும் பகிர்கிறோம், நானும் பலமுறை பகிர்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பிகிலா நின்ற படத்தை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு முறை தங்கம் வாங்கியவர், நின்றார்.

27 நவம்பர் 2023

நேற்று 28 கிலோமீட்டர். காலை 4.15-க்குத் திருவான்மியூரில் தொடங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பினேன். பத்தில் எத்தனை வலி என்று கேட்டால், முதல் மூன்று கிலோமீட்டர் நான்கு, நடுவில் ஒன்றுகூட இல்லை, கடைசியில் மறுபடி நான்கு. ஓடும்போது ஐந்து வரை பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலை பழைய நிலையைவிட மோசமாக இருக்கக்கூடாது, இதுதான் பிசியோ சொன்ன வரம்பு.

ஓடும்போது வலிக்காமல் இருப்பது ஒரு சான்றே இல்லை என்பது எனக்குத் தெளிவாகிக்கொண்டு வருகிறது. சூடேறினால் பட்டை இளகிக்கொடுக்கிறது, நாம் நன்றாகிவிட்டதாக நினைக்கிறோம். கேள்வி கேட்டவரின் குழு நண்பர் "ஓட ஓடச் சரியாயிடும்" என்றது இந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்துத்தான். மறுநாள் காலை அவர் நம் கட்டிலருகே இல்லை.

இன்று காலை எண் 19, அதற்கு மேலும் இன்னொரு நடை. வரம்பைத் தாண்டிவிட்டேன். இந்த வாரம் ஓட்டம் பாதி.

8 டிசம்பர் 2023

நான்கு நாளாகக் காணோமே என்று கேட்ட எல்லோருக்கும்: பத்திரமாக இருக்கிறோம். மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் நேற்று இரவுதான் வந்தது. கீழ்வீட்டில் இருந்த பெரியவர்கள் இருவரையும் மேலே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருந்தோம். மோட்டார் ஓடாததால் குடிக்கவும் புழங்கவும் கேன் தண்ணீர்தான். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் தெருமுனையிலிருந்து மூன்றாவது மாடிக்கு நானும் எதிர்வீட்டுத் தம்பியும் மாற்றி மாற்றித் தூக்கினோம். ஓட்டத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

இன்னும் தண்ணீர் வடியாத தெருக்கள் நிறைய. பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு உதவி வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள்.

10 டிசம்பர் 2023

இன்று காலை எண் 6. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். ஒரு வாரம் ஓடாமல் இருந்ததில் கால் தேறியிருக்கிறது. டாக்டர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

11 டிசம்பர் 2023

நேற்று அவசரப்பட்டு ஒப்புக்கொண்டேனோ என்று தோன்றுகிறது. அந்த வாரம் நான் ஓய்வாகவா இருந்தேன்? 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி, முன்பாதத்தை ஊன்றி, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. அரிசிப் பைப் பயிற்சியைவிட நான்கு மடங்கு பாரம். ஓட்டம் நின்றதால் தேறியதா, பாரம் ஏறியதால் தேறியதா? இரண்டும் சேர்ந்துதான் என்று பிசியோ சொல்கிறார். குதிப்பதும் அதிர்வதும் குறைந்து, மெதுவான பாரம் கூடியிருக்கிறது. அரிசிப் பையைப் பத்து கிலோ ஆக்கிவிட்டேன்.

19 டிசம்பர் 2023

"ஸ்டார்ட்டிங் லைன்ல ஒரு டைக்ளோஃபெனாக், இருபத்தஞ்சுல இன்னொண்ணு, முடிஞ்சுது" என்று ஒருவர் எழுதியதற்கு ஏழு பேர் கைதட்டியிருக்கிறீர்கள். தயவுசெய்து இந்த வலி மாத்திரை வேலையைச் செய்யாதீர்கள். இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

நான்கைந்து மணி நேரம் வியர்த்து நீர் வற்றும்போது உடம்பு ரத்தத்தைத் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியைத்தான் அடைக்கின்றன. வலி அடங்கும், கூடவே சிறுநீரகம் பட்டினி கிடக்கும். வயிற்றுக்கும் கெடுதல். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் உலக சாதனையாளரான பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் சுமார் 36 கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்து அழுதது பலருக்கு நினைவிருக்கும். பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் காலில் பட்ட காயத்துக்கு அதிக அளவில் எடுத்துக்கொண்ட இந்த வகை மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்து, சாப்பாடு உடம்பில் ஒட்டாமல் போனது என்று பிறகு அவரே சொன்னார். உலகின் மிகத் திறமையான மருத்துவ உதவி கூட இருந்தும் அது நடந்தது.

இன்னொன்று, மாத்திரை போட்டால் எந்த வலியைக் கேட்டு நிற்க வேண்டுமோ அது காதில் விழாது.

இதே டைக்ளோஃபெனாக்தான் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்தது. மாட்டுக்குக் கொடுத்த மருந்து, செத்த மாட்டின் உடம்பில் இருந்து கழுகுக்குப் போய், சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-இல் மாட்டு மருந்தாக விற்பதைத் தடை செய்தார்கள்.

20 டிசம்பர் 2023

கழுகு பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள், ஓட்டத்தை விட்டுவிட்டீர்கள்! ஆமாம், தமிழ்நாட்டில் முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை மசினகுடிப் பக்கம் போனபோது உயரத்தில் வட்டமிட்ட ஒன்றைப் பார்த்தேன். இறக்கை அசையவே இல்லை. கழுகுக்கும் மனிதருக்கும் மருந்தின் அளவு வேறு, உடம்பும் வேறு என்று ஒரு மருத்துவர் திருத்தியிருக்கிறார். சரிதான், பயமுறுத்துவதற்காக அதை இழுத்திருக்கக் கூடாது. மாரத்தானில் மாத்திரை வேண்டாம் என்பதில் அவரும் என் பக்கம்தான்.

2 ஜனவரி 2024

டிசம்பர் கடைசி ஞாயிறு 30 கிலோமீட்டர், மறுநாள் காலை எண் 9. இனிமேல் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

முடிவு எடுத்துவிட்டேன், மூளை குளிர்ந்திருக்கும்போதே எழுதி வைக்கிறேன். 35 கிலோமீட்டரில் எடுக்கும் முடிவை நம்பக்கூடாது. வலி ஐந்தைத் தாண்டினால் நடப்பேன். நடந்தும் பத்து நிமிடத்தில் இறங்காவிட்டால் நிற்பேன். வலி எவ்வளவு என்பது ஒருபக்கம் இருக்கட்டும், நடை மாறினால், அதாவது நொண்ட ஆரம்பித்தால், அந்த இடத்திலேயே நிற்பேன். நொண்டி ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மற்ற காலின் முழங்காலும் இடுப்பும் வட்டி கட்டும்.

ஊசி போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டவருக்கு: ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் பட்டையே கிழிந்துபோகும் ஆபத்து உண்டு. அதைப் போட்டுக்கொண்டு உடனே 42 கிலோமீட்டர் ஓடுவதை என் டாக்டரும் ஒப்பவில்லை, பிசியோவும் ஒப்பவில்லை. அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

18 ஜனவரி 2024

ரயிலில் எழுதுகிறேன். பொங்கலன்று வாசலில் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் நின்றதற்கு மறுநாள் காலை எண் 8. மாட்டுங்காவில் சித்தி வீட்டில் தங்கல்.

21 ஜனவரி 2024, மாலை

முடிக்கவில்லை. 27 கிலோமீட்டர் பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சிவாஜி பார்க் பக்கம் நின்றுவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சித்தப்பா 3.30-க்கே எழுப்பிவிட்டார். சித்தி எனக்காக ராத்திரியே ஊறவைத்துத் தயிர் அவல் வைத்திருந்தார். ஆசாத் மைதானத்தில் கூட்டத்தோடு நின்று, 5 மணிக்குமேல் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்து முன்னால் கோட்டைத் தாண்டினேன். முதல் மூன்று கிலோமீட்டர் வழக்கம்போல் நான்கு, அப்புறம் விட்டது. மரைன் டிரைவ் இருட்டில் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். பெடர் ரோடு ஏற்றத்தைக் குளிர்ந்த காற்றில் ஏறிவிட்டேன். திரும்பி வரும்போது 35-க்கு மேல், வெயிலில், இதே ஏற்றம் காத்திருக்கிறது என்று பக்கத்தில் ஓடிய ஒரு பெரியவர் இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

கடலுக்கு மேல் போகும் சீ லிங்க் பாலத்தில் கால் வைக்கும்போது ஏழு மணி இருக்கும். கிழக்கே மாஹிம் விரிகுடாப் பக்கம் வானம் சிவந்து, பாலத்துக் கம்பிகள் ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. ஓடுகிற ஆயிரக்கணக்கான கால்களின் சத்தம் மட்டும் ஒரே தாளமாகக் கேட்டது. வலி ஒன்று. ஓடி முடித்துவிடுவேன் என்று அங்கே நிச்சயமாக நம்பினேன், அதுவரையிலான வாழ்க்கையிலேயே நான் ஓடிய அழகான ஆறு கிலோமீட்டர் அது.

பாந்த்ராவில் இறங்கி மாஹிம் வந்தபோது நான்கு. 25-ஆவது கிலோமீட்டரில் வலி ஐந்தைத் தாண்டியது. நடந்தேன், எட்டு நிமிடத்தில் நான்குக்கு இறங்கியது. மறுபடி ஓடினேன். விதிப்படிதான் எல்லாம் நடக்கிறது என்ற நிம்மதியோடுதான் ஓடிக்கொண்டிருந்தேன்.

சிவாஜி பார்க் பக்கம் ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று பிஸ்கட், வாழைப்பழம், உப்பு என்று நீட்டுகிறார்கள். நூல் புடவை கட்டிய ஒரு பாட்டி எவர்சில்வர் தட்டில் ஆரஞ்சுச் சுளை வைத்திருந்தார். விதை எடுத்து, மேல் நார் உரித்த சுளைகள். ஒன்று எடுக்க நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "பாய் துக்தோய் கா?" என்றார். கால் வலிக்கிறதா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இல்லை என்று தலையாட்டினேன். நான் வந்த வழியைக் கையால் காட்டி, தன் உடம்பை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்து இரண்டு அடி நடந்து காட்டினார். நான் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேனாம்.

எனக்குத் தெரியவே இல்லை. எவ்வளவு தூரமாக அப்படி ஓடினேன் என்று இப்போதும் தெரியாது. வலி அப்போது நான்குதான். என் கணக்குப்படி ஓடலாம். ஆனால் நடை மாறினால் நிற்பேன் என்று எழுதி வைத்தவளும் நான்தான்.

சுளையைத் தின்றுவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன். பாட்டி இன்னும் நான்கு சுளை கையில் வைத்தார். அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, சந்துக்குள் நடந்து, ஒரு டாக்ஸி பிடித்தேன். மாட்டுங்கா பக்கம்தானே, பத்து நிமிடத்தில் வீடு. கதவைத் திறந்த சித்தி ஒன்றும் கேட்கவில்லை, காபி கலக்கப் போய்விட்டார்.

22 ஜனவரி 2024

இடது முழங்காலின் வெளிப்பக்கம் வீங்கியிருக்கிறது. வலது குதிகாலைவிட அதுதான் வலிக்கிறது. சித்தி வீட்டு அடுப்படி எத்தனை அடி என்று எண்ணத் தோன்றவில்லை.

28 ஜனவரி 2024

"15 கிலோமீட்டர்தானே மிச்சம், நடந்தாவது முடிச்சிருக்கலாமே அக்கா" என்று எழுதியவர்களுக்கு. நியாயமான கேள்வி, நான்கு நாள் யோசித்தேன். நடந்திருந்தால் நேரத்துக்குள் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முழங்கால் வீங்கியது ஓடிய தூரத்துக்கே. ஸ்கேனில் கிழிசல் எதுவும் இல்லை, மூன்று வாரம் ஓடாமல் இருந்தால் போதும் என்கிறார் டாக்டர். இன்னும் 15 கிலோமீட்டர் சாய்ந்து சாய்ந்து நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அக்வாரியைச் சிறுமைப்படுத்தாதீர்கள் என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். இல்லவே இல்லை. ஒரு நாட்டின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு, வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கும் இடத்தில் ஓடியவர் அவர். அவருடைய கணக்கு வேறு. எனக்கு அடுத்த ஜனவரி இருக்கிறது.

இந்த இழையில் முதலில் கேள்வி கேட்டவர் 5 மணி 50 நிமிடத்தில் முடித்துவிட்டார்! நேற்று எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவர் முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. வலி வந்த பிறகு நடக்கவில்லை, வலி வருவதற்கு முன்பே நடந்திருக்கிறார். மறுநாள் காலை வலி முன்பைவிட மோசமில்லையாம். நான் அதை 25-ஆவது கிலோமீட்டரில் ஆரம்பித்தேன். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் தைரியத்தில் இல்லை, இதில்தான். ஜனவரி 2-ஆம் தேதி நான் எழுதிய முதல் விதி தவறு. 'ஐந்தைத் தாண்டினால் நடப்பேன்' என்று காத்திருக்கவே கூடாது, அதை வெட்டிவிடுங்கள். மற்ற இரண்டும் இருக்கட்டும்.

நடை மாறுவதை ஓடுகிறவரால் தானாக உணர முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட ஓடும் யாரையாவது ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். பிப்ரவரி முழுக்க ஓடவில்லை. சைக்கிளும் அரிசிப் பையும் மட்டும், இப்போது 15 கிலோ. மார்ச்சில் ஐந்து நிமிட ஓட்டத்தில் தொடங்கி, இப்போது வாரம் 20 கிலோமீட்டர். முழங்கால் சுத்தமாகச் சரியாகிவிட்டது. குதிகால் எண் 3-க்கும் 5-க்கும் நடுவே ஆடுகிறது. அம்மா இன்னும் செங்கல் வைத்தியம்தான் குணப்படுத்தியது என்கிறார். அவர் வரும்போதெல்லாம் மிதிக்கிறேன்.

9 ஜூன் 2024

துண்டு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கேட்டவருக்கு: குதிகால் மேலே போகும்போது கால்விரல்கள் முடிந்தவரை பின்னால் மடங்க வேண்டும், அதுதான் அளவு. குளியல் துண்டு வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும். பழைய ஈரிழைத் துண்டை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டால் அசையாது. கைப்பிடிச் சுவர் இருக்கிற படியாகப் பாருங்கள். எண் இன்று 2.